விருந்தினர் வைஃபைக்கு மட்டும் ஐபி முகவரி வரவில்லை: ஏற்காடு விடுதி

வணக்கம். அலுவலக வைஃபை (விலேன் 10; விலேன் என்றால் ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) நன்றாக ஓடுகிறது, விருந்தினர் வைஃபையில் (விலேன் 20) சேர்ந்தால் லேப்டாப்புக்கு 169.254 என்று தொடங்கும் முகவரிதான் கிடைக்கிறது என்கிறீர்கள். அந்த முகவரி வந்தாலே டிஎச்சிபி (ஐபி முகவரி கொடுக்கும் சேவை) பதில் வந்து சேரவில்லை என்று அர்த்தம். சிக்னலையும் பாஸ்வேர்டையும் நோண்ட வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய சுவிட்ச் அமைப்புப் படத்தில் ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் கருவி) இருக்கும் 5ஆம் போர்ட், விலேன் 10க்கு அன்டேக்டு (டேட்டாவில் விலேன் எண் ஒட்டாமல்), அவ்வளவுதான். ஆக்சஸ் பாயின்டோ விருந்தினர் டேட்டாவில் 20 என்று டேக் ஒட்டி அனுப்புகிறது. அந்த போர்ட் 20இல் உறுப்பினரே இல்லை, சுவிட்ச் அதைத் தூக்கிப் போட்டுவிடும். 5ஆம் போர்ட்டை 20க்கு டேக்டு (டேக்கோடு போய்வர) ஆக்குங்கள். பிவிஐடி (டேக் இல்லாமல் வரும் டேட்டா சேரும் விலேன் எண்) 10 ஆகவே இருக்கட்டும். ஆக்சஸ் பாயின்டில் அலுவலக வைஃபைக்கு டேக் போடாதீர்கள்.

அப்புறம், நிறையப் பேர் கோட்டை விடும் இடம் ரூட்டருக்குப் போகும் போர்ட். அங்கும் 20 டேக்டு ஆக வேண்டும். சந்தேகமிருந்தால் காலியான ஒரு போர்ட்டை 20க்கு அன்டேக்டு, பிவிஐடி 20 என்று வைத்து லேப்டாப்பைச் செருகிப் பாருங்கள். ஐபி வந்தால் ரூட்டர் பக்கம் சரி.

இதையெல்லாம் சேலத்தில் உட்கார்ந்து ரிமோட்டில் செய்யாதீர்கள். தவறான போர்ட்டில் கை வைத்தால் இணைப்பு அறுந்து, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறித்தான் சரிசெய்ய வேண்டும்.

ஐபி வந்ததும், 20இலிருந்து 10க்குப் போகும் வழியை ரூட்டர் ஃபயர்வாலில் அடைத்துவிடுங்கள். சில ரூட்டர்களில் அது தானாக அடைபடாது.