கொங்கு நாட்டில் வண்டித் தொந்தரவு இல்லாமல், மலையைப் பார்த்துக்கொண்டே மண்பாதையில் சைக்கிள் ஓட்ட எந்தப் பக்கம் போகலாம்?

ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலைக்கும் அரச்சலூருக்கும் நடுவில் போங்கள்.

கேள்வி கேட்டவர் கோயமுத்தூரில் இருக்கிறாராம், புதிதாகக் கிராவல் பைக் (மண்பாதைக்கென்றே அகல டயர் போட்ட சைக்கிள்) வாங்கியிருக்கிறாராம். லாரி, பஸ் இருக்கக் கூடாது, நிலம் ஏற்றமும் இறக்கமுமாக இருக்க வேண்டும், மலை கண்ணில் பட வேண்டும் என்கிறார். மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் அதுதான். ஏழு வருடமாக நான் மாதத்துக்கு இரண்டு ஞாயிறாவது அங்கே சுற்றுகிறேன்.

கிராவல் பைக் என்ற பெயர் நமக்குப் புதுசு. ஆனால் அப்படி ஓட்டுவது புதுசில்லை. என் அப்பாரு (தாத்தா) வைத்திருந்தது கறுப்பு நிற 28 இஞ்ச் சைக்கிள். அதன் டயர் அளவு 28 × 1½, அதாவது அகலம் கிட்டத்தட்ட 40 மில்லிமீட்டர். நாம் இன்றைக்குக் கிராவல் பைக்குக்குத் தேடித்தேடி வாங்கும் 700 × 40 டயரும் அதே அகலம்தான். பின்னால் தவிட்டு மூட்டை, முன்னால் பையனாக நான் என்று அவர் இட்டேரி இட்டேரியாக, அதாவது வண்டித் தடங்களிலேயே, அந்த சைக்கிளில்தான் போனார். மண்பாதைக்கு எது தோது என்று அந்தக் காலத்து ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அந்தப் பக்கம் உங்களுக்கு இரண்டு விதமான வழி கிடைக்கும். ஒன்று வாய்க்கால் மேடு, இன்னொன்று இட்டேரி.

வாய்க்கால் என்றால் கீழ்பவானி வாய்க்கால். பவானிசாகர் அணையிலிருந்து கரூர் மாவட்டம் வரை கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் ஓடுகிறது. அணை கட்டி முடிந்தது 1955-ல். தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்பதற்காக நிலத்தின் மட்டத்தை ஒட்டியே வெட்டியிருக்கிறார்கள், அதனால் குன்று வந்தால் வாய்க்கால் வளைந்து சுற்றிக்கொண்டு போகும். சைக்கிள்காரனுக்கு இது பெரிய வரம். கரைப்பாதையில் மிதித்தால் ஏற்றமே தெரியாது, ஆனால் மலை ஒருமுறை இந்தப் பக்கம் வரும், ஒருமுறை அந்தப் பக்கம் வரும். இன்னொன்றையும் கவனியுங்கள். வாய்க்காலுக்குக் கீழ்ப்பக்கம் நெல், மஞ்சள், கரும்பு, தென்னை என்று பச்சையாகக் கிடக்கும். மேல்பக்கம் வெள்வேல மரமும் காய்ந்த புல்லுமாக மேட்டாங்காடு, அதாவது வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேட்டு நிலம். நடுவில் எட்டடிப் பாதையில் நீங்கள்.

பொதுவாக ஆகஸ்ட் 15 வாக்கில் முதல் போகத்துக்குத் தண்ணீர் விடுவார்கள், 120 நாள் ஓடும். என்னைக் கேட்டால் போக வேண்டிய காலம் அதுதான். அணையிலிருந்து 2,300 கன அடி வரை திறப்பார்கள். அப்போது விடியற்காலையில் கரைமேல் வரும் குளிர்ச்சியை ஊட்டியில்கூட நான் உணர்ந்ததில்லை. ஆனால் தண்ணீர் ஓடும்போது தயவுசெய்து படித்துறை இல்லாத இடத்தில் இறங்காதீர்கள். மேலே பார்த்தால் அமைதியாகத் தெரியும், இழுப்பு பலமாக இருக்கும். கரையில் வேலை நடக்கும் இடங்களில் மண் குவித்திருப்பார்கள். அங்கே முண்ட வேண்டாம், பக்கத்து ஊர்ப் பாதையில் இறங்கிச் சுற்றி வந்து மறுபடி ஏறிக்கொள்ளுங்கள்.

அப்புறம் இட்டேரி. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு பக்கத்துக் காட்டு வேலிக்கும் (காடு என்றால் இங்கே விவசாய நிலம்) நடுவில் மாட்டு வண்டி போவதற்காக விட்ட பாதைதான் இட்டேரி. வேலி என்றால் கம்பி கிடையாது, உயிர்வேலி. முட்கிளுவைக் குச்சியை நட்டு வளர்த்து, ஆள் உயரத்துக்கு அது பின்னிக்கொண்டு நிற்கும். அதன்மேல் கோவைக்கொடி, பிரண்டை. அடியில் ஆவாரை. நடுவில் சக்கரத் தடம் இரண்டு, தடங்களுக்கு மத்தியில் புல் முளைத்திருக்கும். காலையில் போனால் கவுதாரி முன்னாடியே ஓடும். பறக்காது, வேலிச் சந்து கிடைக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். அதன் பின்னாலேயே மெதுவாக உருட்டிக்கொண்டு போயிருக்கிறேன், ஒரு பர்லாங்குக்கு மேல்.

வேலிக்கு உள்ளே கிடப்பது பெரும்பாலும் கொறங்காடு, அதாவது மேய்ச்சலுக்கென்றே விட்ட நிலம். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியும் சேர்ந்தால்தான் கொறங்காடு. காங்கேயம் மாடு வளர்ந்ததே இந்தக் காடுகளில்தான். தெற்கே காங்கேயம் பக்கம் போகப்போக இது அதிகமாகும். நல்ல வெளியாக இருக்கிறதே என்று படலைத் திறந்துகொண்டு உள்ளே போய்விடாதீர்கள். மாடு வெளியே வந்துவிட்டால் அதைத் திருப்பி ஓட்டிவர அந்த வீட்டுக்காரருக்கு அரை நாள் ஆகும்.

வழி கண்டுபிடிக்க செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள். கரும்பச்சையில் இரண்டு கோடு பக்கத்துப் பக்கத்தில் போனால் அது இட்டேரி. ஆனால் படத்தை மட்டும் நம்பிப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். போன தை மாசம் இப்படித்தான், ஒரு பிரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"ஏனுங்க பெரியம்மா, இந்த இட்டேரி அரச்சலூர் போகுங்களா?"

"போய்ட்டிருந்துச்சு சாமி. கடைசித் தோட்டத்துல கம்பி கட்டிப்போட்டாங்க. நீ அந்த வேப்ப மரத்துக்கிட்ட சோத்தாங்கைப் பக்கம் திரும்பிக்கோ. கருப்பராயன் கோயில் வரும், அதுக்குப் பின்னால தடம் இருக்குது."

அவர் சொன்ன தடம் எந்தப் படத்திலும் இல்லை. ஆனால் அப்படியே இருந்தது. "போய்ட்டிருந்துச்சு" என்று அவர் சொன்னது மட்டும் எனக்கு மனசில் நின்றுவிட்டது. ஏழு வருடத்தில் நான் ஓட்டிய இட்டேரிகளில் நான்கு இப்போது இல்லை. இரண்டில் தார் போட்டுவிட்டார்கள், மற்ற இரண்டும் பக்கத்துக் காட்டோடு சேர்ந்துவிட்டன. கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கல்தூணும் கம்பியும் நட்டால் கவுதாரி, கீரி, ஓணான் எல்லாம் எங்கே போகும்? நாலு பேர் அடிக்கடி போய்வருகிற தடத்தை மூடக் கொஞ்சம் யோசிப்பார்கள். அதற்காகவாவது நீங்கள் வந்து ஓட்ட வேண்டும் என்று விரும்புகிறேன்.

முள்ளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். கிளுவை முள்ளும் வேலமுள்ளும் கண்ணுக்குத் தெரியும். நெருஞ்சி தெரியாது. மழைக்கு முளைத்து, தை மாசியில் காய்ந்து, பாதை ஓரத்தில் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். ஒருமுறை ட்ராக்டருக்கு வழிவிட ஓரத்தில் ஏறி நின்றேன், அவ்வளவுதான். முன் டயரில் மட்டும் பதினொரு முள். ட்யூப் போட்டிருந்த காலம் அது, ஆறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்தேன். அதற்கப்புறம் ட்யூப்லெஸ்தான், உள்ளே சீலண்ட் திரவம் ஊற்றி வைத்திருக்கிறேன். முள்ளைப் பிடுங்கிவிட்டுச் சக்கரத்தை நாலு சுற்று சுற்றினால் ஓட்டை அடைத்துக்கொள்ளும். காற்று 35-லிருந்து 40 பிஎஸ்ஐ போதும், நான் எழுபது கிலோ. கல் மாதிரி காற்றடித்தால் ஓடைக்கல்லில் கை மரத்துப்போகும்.

ஆடி மாதம் வந்தால் காற்றைப் பார்த்துத் திசையை முடிவு செய்யுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று இங்கே வரைக்கும் அடிக்கும். காலையில் மேற்கே மிதித்துவிட்டு வெயிலேறும்போது கிழக்கே திரும்பினால் காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிடும். மாற்றிப் போனால் ஒன்பது மணிக்கே கால் ஓய்ந்துவிடும். ஐந்தே முக்காலுக்கு ஏறி ஒன்பதரைக்குள் இறங்குவது என் வழக்கம்.

வழியில் நிற்க இடங்கள் நிறைய. வெள்ளோட்டில் பறவைகள் சரணாலயம் இருக்கிறது, 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. கார்த்திகை, மார்கழியில் போனால் ஏரி நிறையப் பறவை. அரச்சலூர் பக்கம் ஓடாநிலை, தீரன் சின்னமலை கோட்டை கட்டிய ஊர். அரச்சலூர் மலையில் இருக்கும் இசைக் கல்வெட்டை மட்டும் தவறவிடாதீர்கள். புலவர் செ. இராசு கண்டுபிடித்தது. தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் ஐந்து வரி, வரிக்கு ஐந்து எழுத்து. முதல் வரி "த தை தா தை த". இடமிருந்து படித்தாலும் மேலிருந்து படித்தாலும் ஒன்றுபோலவே வரும். யாரோ ஒருவர் அந்தப் பாறையில் உட்கார்ந்து தாளத்தைச் செதுக்கியிருக்கிறார்.

பெருந்துறை, சென்னிமலை, காங்கேயம் மெயின் ரோட்டில் மட்டும் சைக்கிளை இறக்காதீர்கள், குறுக்கே கடப்பதோடு சரி. உடுமலைப் பக்கம் காண்டூர் கால்வாய் ஓரம் போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அது ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக் காடு, யானை நடமாட்டம் உள்ள இடம். வேண்டாம்.

தோட்டத்து நாய் துரத்தினால் வேகம் எடுக்காமல் இறங்கி நின்றுவிடுங்கள், சைக்கிள் நடுவில் இருக்கட்டும். சாளைக்குள்ளிருந்து (தோட்டத்து வீடு) ஆள் வந்து அதட்டுவார், அப்படியே "எங்கீங்க போறீங்க?" என்றும் கேட்பார். சொல்லுங்கள். எனக்கு மோரும் அரிசிம்பருப்பு சோறும் கிடைத்த சாளைகள் எல்லாமே நாய் துரத்திய சாளைகள்தான்.