முடிச்சு போடும் மரபணு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திண்டிவனம் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறவன் நான். ஆறின கஞ்சியில் ரைசோபியம் கலந்து விதைநேர்த்தி செய்துதான் விதைப்போம். வேரில் முடிச்சு போடும் பாக்டீரியாவையும் அதன் சொந்தக்காரக் கிருமிகளையும் ஜீனோம், அதாவது மொத்த மரபணுத் தொகுப்பு, வைத்து ஒப்பிட்டிருக்கிறார்கள் என்கிறாள், நுண்ணுயிரியல் படிக்கும் என் மகள். அப்படியானால் முடிச்சு போடும் மரபணு இன்னதென்று தெரிந்திருக்குமே? அதை ஒரு நோய்க்கிருமிக்குள் வைத்தால் அதுவும் நல்லதாகிவிடுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் இரண்டாவது கேள்வியை நிஜமாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். அதற்கு வருகிறேன்.

தைவானில் தொட்டாற்சிணுங்கியின் வேர்முடிச்சிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியாவுக்கு 2001-இல் ரால்ஸ்டோனியா தைவானென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். அதே இனம் ஒரு நுரையீரல் நோயாளியின் சளியிலும் கிடைத்திருந்தது! இப்போது அதன் பெயர் குப்ரியாவிடஸ் தைவானென்சிஸ். 2008-இல் அதன் ஜீனோம் முழுதாக வெளிவந்தது. சுமார் 65 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள். இரண்டு குரோமோசோம்கள், ஒரு பெரிய பிளாஸ்மிட் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டிஎன்ஏ வளையம்).

அதை முடிச்சே போடாத நெருங்கிய சொந்தமான குப்ரியாவிடஸ் எச்16 என்ற மண் பாக்டீரியாவோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். குரோமோசோம்களில் நீண்ட பகுதிகள் வரிசை மாறாமல் ஒத்துப்போயின. பிளாஸ்மிட்கள் மட்டும் பெரிதும் வேறு. செடியை அழைக்கும் நாட் மரபணுக்களும் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும் நிஃப் மரபணுக்களும் அந்த பிளாஸ்மிட்டில், வெறும் 35,000 எழுத்துக்குள் அடங்கியிருந்தன.

சரி, அதுதானே மரபணு என்பீர்கள். முடிச்சு போடும் பாக்டீரியாக்கள் எல்லாவற்றுக்கும் ரைசோபியம் என்றுதான் பொதுப்பெயர். அப்போது கைவசம் இருந்த ரைசோபிய ஜீனோம்கள் எல்லாவற்றையும் அதே ஆய்வில் ஒப்பிட்டார்கள். எல்லா ரைசோபியங்களிலும் இருக்கிற, வேறு எதிலும் இல்லாத மரபணு ஒன்றுகூட அகப்படவில்லை. நிஃப் மரபணு வேரோடு சேராமல் தனியே வாழும் அசட்டோபாக்டர் என்ற மண் பாக்டீரியாவிலும் உண்டு. முக்கியமான நாட் மரபணுக்களே இல்லாமல் முடிச்சு போடும் பிராடிரைசோபியங்களும் உண்டு. எனக்கு இந்த விஷயத்திலேயே பெரிய ஆச்சரியம் இதுதான். ஆளுக்கொரு வழியில் செடிக்குள் போயிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் நோய்க்கிருமி. தக்காளியையும் கத்தரியையும் ஒரே வாரத்தில் தலைசாய்க்க வைக்கும் வாடல் நோய் தெரியும் அல்லவா, அதை உண்டாக்கும் ரால்ஸ்டோனியா சொலனசேரம், நம் தைவான் பாக்டீரியாவுக்குச் சொந்தக்காரக் கிருமி. பிரான்சின் துலூஸ் நகரை ஒட்டிய ஆய்வுக்கூடத்தில் அந்த பிளாஸ்மிட்டை அப்படியே இதற்குள் ஏற்றி, தொட்டாற்சிணுங்கி நாற்றுகளில் விட்டார்கள். முடிச்சு வரவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுக் காத்திருந்ததில், மூன்றே மூன்று வகைகள் மட்டும் முடிச்சு போட்டன. அவற்றின் ஜீனோமைத் தாய்க்கிருமியோடு ஒப்பிட்டதில் காரணம் தெரிந்தது. செடிக்குள் தன் புரதங்களைச் செலுத்த அந்தக் கிருமியிடம் ஊசி மாதிரி ஓர் அமைப்பு இருக்கிறது. அந்த ஊசியோ, அதை இயக்கும் மரபணுவோ கெட்டுப்போனவைதான் முடிச்சு போட்டவை. புது மரபணுக்கள் கிடைத்தது போதவில்லை. பழைய ஆயுதத்தை இழக்கவும் வேண்டியிருந்தது. 2010-இல் இது வெளியானது.

ஆனால் அந்த முடிச்சுகளிலிருந்து செடிக்கு நைட்ரஜன் கிடைக்கவில்லை.

மல்லாட்டை பூக்கும்போது ஒரு செடியை வேர் அறாமல் தோண்டி, முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். மகளையும் கூட்டிப்போங்கள். உள்ளே ரத்தச் சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்திருந்தால் முடிச்சு இருக்கிறது, நைட்ரஜன் இல்லை.

அன்புடன்