பழைய மஞ்சள் பெல்ஜியச் சாணைக்கல்லை எப்படிப் பாதுகாப்பது?

எண்ணெய் ஏறிக் கறுத்த பழைய சவரக்கத்திக் கல் கிடைத்திருக்கிறது, தேய்த்துப் புதுசாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். நீங்கள் சொல்வதுபோல் மேலே மஞ்சள், அடியில் கருஞ்சாம்பல் என்றால் அது பெரும்பாலும் பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் வெட்டியெடுக்கும் கோட்டிக்யூல் என்ற சாணைக்கல். கத்தியைத் தீட்டுவது அந்த மஞ்சள் படலத்துக்குள் இருக்கும் கார்னெட் என்ற கடினமான கனிமத்தின் நுண்ணிய மணிகள்தான், அந்தப் படலமோ மெல்லியது, எளிதில் உடையும், அதனால்தான் அடியில் ஸ்லேட் கல்லை ஒட்டியிருப்பார்கள். தேய்த்து வீணாக்கிய மஞ்சள் திரும்ப வராது.

முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், பழைய டூத் பிரஷ். இரண்டு மூன்று தடவை கழுவினாலே பிசுக்கு பெரும்பாலும் போய்விடும். கொதிநீர் வேண்டாம், ஊறவும் போடாதீர்கள், பழைய பசை விட்டுவிடும். பக்கவாட்டில் காகித லேபிள் இருந்தால் அதில் ஈரம் படவே கூடாது.

அப்புறம் மேற்பரப்பைச் சமமாக்க மட்டும், கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடிமேல் விரித்த 400 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் விட்டு மெதுவாகத் தேயுங்கள். கோடுகள் மறைந்ததும் நிறுத்திவிடுங்கள், அதற்குமேல் ஒரு இழுப்புகூட வேண்டாம். இனி எண்ணெய் தேவையில்லை, தண்ணீரே போதும். தீட்டி முடித்ததும் துடைத்து, நிழலில் உலர்த்தி, துணியில் சுற்றி வையுங்கள்.