சூதாட்டத் தளங்களுக்கு வீட்டிலேயே பூட்டு: எதை வாங்குவது, எங்கே போடுவது?

கேள்வி: ரவுட்டரில் குடும்பங்களுக்கான டிஎன்எஸ் எண்ணைப் போட்டிருக்கிறேன். ஆபாசத் தளங்கள் திறப்பதில்லை. பந்தயத் தளங்கள் மட்டும் தாராளமாகத் திறக்கின்றன. என்ன தப்பு செய்தேன்?

எண்ணைச் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரைக் கேட்டு அதன் எண் முகவரியைத் தேடித்தரும் சேவை; குடும்பங்களுக்கான டிஎன்எஸ் ஆபாசத் தளங்களுக்கு அதைத் தர மறுக்கும். அந்தச் சேவையின் வேலையே அவ்வளவுதான். கிளவுட்ஃபிளேரின் 1.1.1.3, ஓப்பன்டிஎன்எஸ் ஃபேமிலிஷீல்டின் 208.67.222.123 போன்றவை முக்கியமாக ஆபாசத் தளங்களை மறிக்க அமைந்தவை. 'குடும்பம்' என்று பெயர் இருப்பதால் சூதாட்டமும் அடங்கும் என்று பலரும் நம்பிவிடுகிறார்கள்.

சூதாட்டம் என்று தனி வகையே வைத்திருக்கும் சேவை உங்களுக்கு வேண்டும். ஓப்பன்டிஎன்எஸ்ஸின் இலவச வீட்டுக் கணக்கில் அது உண்டு. ஆனால் உங்கள் வீட்டை அது அடையாளம் காண்பது இணைய முகவரியை வைத்து. இணைய நிறுவனம் முகவரியை மாற்றிய நொடியில் நீங்கள் தேர்ந்தெடுத்த வகைகள் வேலை செய்யாமல் போகும். அதற்கென்று அவர்கள் தரும் சிறு புதுப்பிப்பு நிரலை, எப்போதும் ஓடும் ஒரு கணினியில் போட்டுவையுங்கள்.

நெக்ஸ்ட்டிஎன்எஸ்ஸிலும் சூதாட்டத்துக்குத் தனி வகை இருக்கிறது. விபிஎன், பிராக்ஸி (போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியே திருப்பிவிடுபவை) மாதிரியான தப்பும் வழிகளை அடைக்க ஒரு தேர்வும் உண்டு. இலவசக் கணக்கில் மாதத்துக்கு 3,00,000 வினவல்கள், அதாவது தள முகவரி கேட்கும் கேள்விகள். அந்த எண்ணிக்கை தாண்டினால் இணையம் நிற்காது, வடிகட்டல் மட்டும் நின்றுவிடும். நாலு போன், ஒரு டிவி இருக்கும் வீட்டில் மாதக் கடைசிக்கு முன்பே தீர்ந்துபோக வாய்ப்புண்டு. பெற்றோருக்குத் தெரிவதற்கு முன் பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

எதைப் போட்டாலும் இன்னும் மூன்றைப் பாருங்கள். ரவுட்டரில் ஐபிவி6 (இணைய முகவரிகளின் புதிய முறை) ஓடினால் அதற்கான டிஎன்எஸ் முகவரியையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வினவல்கள் வடிகட்டியைத் தொடாமல் அந்த வழியாக வெளியே போய்விடும். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் 'பாதுகாப்பான டிஎன்எஸ்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதில் வேறு நிறுவனத்தைத் தேர்ந்தால் ரவுட்டரில் போட்டது வீண். ரவுட்டரோடு வந்த அட்மின் பாஸ்வேர்டை இன்னும் மாற்றவில்லை என்றால் இன்றே மாற்றுங்கள். அது ரவுட்டரின் அடியில் அச்சடித்தே ஒட்டியிருக்கும்.

கேள்வி: மகன் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் போகிறான். ரவுட்டர் பூட்டால் என்ன பயன்?

மொபைல் டேட்டாவுக்கு அந்தப் பூட்டு பொருந்தாது. பூட்டு போனுக்குள் இருக்க வேண்டும். சூதாட்டத்தை மட்டுமே குறிவைக்கும் செயலிகள் இருக்கின்றன. பெட்பிளாக்கர் இலவசம், 24 மணி நேரம் முதல் 5 ஆண்டு வரை பூட்டலாம், பெற்றோருக்கான அமைப்பும் உண்டு. கேம்பன் சந்தா கட்டிப் பயன்படுத்துவது.

ஆண்ட்ராய்டில் ஒரு சிக்கல். இப்படிப்பட்ட வடிகட்டிகளில் பல, போனுக்குள்ளேயே ஒரு விபிஎன்னை உருவாக்கி அதன் வழியே போக்குவரத்தைச் சலிக்கின்றன. ஆண்ட்ராய்டு ஒரு நேரத்தில் ஒரே ஒரு விபிஎன்னைத்தான் அனுமதிக்கும். பிள்ளை வேறொரு இலவச விபிஎன்னை ஆன் செய்தால் உங்கள் வடிகட்டி சத்தமில்லாமல் விலகிவிடும். ஆகவே தடுப்புச் செயலியைப் போடும் அதே நாளில் புதுச் செயலி இறக்கும் வழியையும் அடைக்க வேண்டும். கூகுள் ஃபேமிலி லிங்க்கில் ஒவ்வொரு செயலிக்கும் பெற்றோர் ஒப்புதல் கட்டாயம் என்று வையுங்கள். 'அறியப்படாத மூலங்கள்' அனுமதியையும் மூடுங்கள். பந்தய நிறுவனங்கள் பல தங்கள் செயலியை ஏபிகே கோப்பாக (பிளே ஸ்டோர் இல்லாமலே போனில் நிறுவும் கோப்பு) நேரடியாகவே கொடுக்கின்றன.

இன்னொரு ஓட்டை 'சேஃப் மோட்'. அதில் போனைத் திறந்தால், போன் வாங்கிய பின் இறக்கிய செயலிகள் எதுவும் ஓடாது. தடுப்புச் செயலியும் அதில் சேர்த்தி. குரோம் போல போனோடு வந்தவை ஓடும். இதற்குத்தான் இரண்டாவது அடுக்கு: ஆண்ட்ராய்டு 9 முதல், நெட்வொர்க் அமைப்பில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று இருக்கிறது. நெக்ஸ்ட்டிஎன்எஸ் உங்களுக்குத் தரும் பெயரை அங்கே எழுதினால் வைஃபையானாலும் டேட்டாவானாலும் வடிகட்டல் தொடரும். அதையும் மாற்றத் தெரிந்த பிள்ளை மாற்றும். வாரம் ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

ஐபோனில் ஸ்கிரீன் டைமுக்குத் தனிக் குறியீடு வைத்து, செயலி இறக்குவதையும் நீக்குவதையும் மறுத்துவிடுங்கள். குறியீட்டை மறந்தால் மீட்கும் கணக்காகப் பிள்ளையின் கணக்கைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கணினியில் எந்த மென்பொருளைப் போட்டாலும் இரண்டே நாளில் எடுத்துவிடுகிறாள்.

விண்டோஸில் அவளுடைய கணக்கு அட்மின் கணக்காக இருக்கும். அதைச் சாதாரணப் பயனர் கணக்காக மாற்றுங்கள். அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும் இருக்கட்டும். மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டியின் தள வடிகட்டி எட்ஜில் மட்டும்தான் வேலை செய்யும். மற்ற பிரவுசர்களை அதிலேயே தடுத்துவைக்க வேண்டும்.

கேள்வி: பணம் கட்டி வாங்குமுன் எதைச் சோதிப்பது?

இலவசச் சோதனைக் காலம் இல்லாததை வாங்க வேண்டாம். சோதனை நாட்களில் ஐந்து தளங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு கேசினோ, ஒரு விளையாட்டுப் பந்தயத் தளம், ஒரு போக்கர் தளம், பந்தயக் 'குறிப்பு' விற்கும் ஒரு தளம், பெரிய நிறுவனம் ஒன்றின் மாற்று முகவரி ஒன்று. ஐந்தையும் வழக்கமான பிரவுசரில், அதன் மறைமுக வசதியில் (இன்காக்னிட்டோ), இரண்டாவது பிரவுசரில், மொபைல் டேட்டாவில், விபிஎன் போட்டு, சேஃப் மோடில் திறந்து பாருங்கள். பெரும்பாலும் தோற்பது மாற்று முகவரியில்தான். பந்தய நிறுவனங்கள் பெயரில் ஓர் எண்ணைச் சேர்த்துப் புதுத் தளம் திறந்துகொண்டே இருக்கும். தடைப்பட்டியல் அதைப் பிடிக்கும்வரை அது திறந்த வீடுதான்.

கடைசியாக, பிள்ளையின் கணக்கிலிருந்தே அன்இன்ஸ்டால் செய்து பாருங்கள். பாஸ்வேர்டு கேட்காமல் நீங்கினால் காசைக் கொடுக்காதீர்கள். சந்தாவில் எத்தனை கருவிகள் அடங்கும், தானாகப் புதுப்பித்துப் பணம் எடுக்குமா என்பதையும் படியுங்கள். மறைந்திருந்து உளவு பார்ப்பதாக விளம்பரம் செய்பவற்றை ஒதுக்கிவிடலாம். பிள்ளை கண்டுபிடிக்கும் நாளில் பூட்டும் போகும், பேச்சும் போகும்.

கேள்வி: விளையாட்டுக்குள் காசு கொடுத்துத் திறக்கும் மர்மப் பெட்டிகளை இவை தடுக்குமா?

தடுக்காது. அது விளையாட்டின் சொந்த சர்வரிலிருந்து வருகிறது. பெல்ஜியம் 2018-லேயே காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. ஐரோப்பிய வயதுக்குறியீடான பெகி, 2020 முதல் இத்தகைய விளையாட்டுகளில் 'தற்செயல் பொருட்கள் உண்டு' என்று குறிக்கிறது. வீட்டில் செய்யக்கூடியது, சேமித்த கார்டை நீக்கி, ஒவ்வொரு வாங்குதலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைப்பது.

கேள்வி: நானே எப்போதாவது பந்தயம் கட்டுவேன். வீட்டு வைஃபையில் எனக்கு மட்டும் விதிவிலக்கு வைக்க முடியுமா?

முடியும். நெக்ஸ்ட்டிஎன்எஸ்ஸில் கருவிக்கு ஒரு அமைப்பு என்று பிரித்துக்கொள்ளலாம். ஆனால் கார்ட்டூன் பார்க்கக் குழந்தை கையில் கொடுக்கும் போன் உங்களுடையதுதானே? அதில் பந்தயச் செயலி உள்நுழைந்தபடியே இருக்கிறது, கார்டு சேமிக்கப்பட்டிருக்கிறது, வயதுச் சோதனை உங்கள் பெயரில் எப்போதோ முடிந்துவிட்டது. முதல் பூட்டை அந்தப் போனில் போடுங்கள்.