நாஸ் பெட்டியில் இரண்டு டிஸ்க் போட்டால் போதுமா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஐந்து பேர். பென்டிரைவில்தான் ஃபைல்களைக் கைமாற்றுகிறோம். நாஸ் வாங்கினால் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும், இரண்டு டிஸ்க் போட்டால் பேக்கப்பும் ஆகிவிடும் என்கிறார்கள். சரியா?

பதில்: முதல் பாதி சரி. இரண்டாவதை நம்பி இறங்காதீர்கள்.

நாஸ் என்பது ஹார்ட் டிஸ்க் மாட்டிய சின்னக் கம்ப்யூட்டர்தான், மானிட்டரும் கீபோர்டும் கிடையாது. லேன் கேபிளை ரவுட்டரில் செருகி, அதன் ஃபோல்டர்களை இணைத்துவிட்டால் ஐந்து பேருக்கும் இன்னொரு டிரைவ் போலத் தெரியும். ‘பில்-புதுசு’, ‘பில்-கடைசி’, ‘பில்-கடைசி-2’ என்று ஆளுக்கொரு பிரதியை வைத்துக்கொண்டு எது சரியானது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சம்பளக் கணக்கை ஒருவர் மட்டும் திறக்கலாம், விலைப்பட்டியலை மற்றவர்கள் பார்க்கலாம், மாற்ற முடியாது என்று ஆளுக்கேற்ப அனுமதியும் கொடுக்கலாம்.

அப்புறம் அந்த இரண்டு டிஸ்க். இரண்டு 4 டிபி டிஸ்க்கை ரெய்டு 1 முறையில் வைத்தால் உங்களுக்குக் கிடைப்பது 4 டிபிதான், ஏனென்றால் ஒன்றில் எழுதுவதெல்லாம் கூடவே மற்றதிலும் எழுதப்படுகிறது. ஒன்று செத்தாலும் வேலை நிற்காது. புது டிஸ்க் மாட்டினால் அதுவே நகலெடுத்துக்கொள்ளும். அருமையான ஏற்பாடுதான், ஆனால் யாராவது கை தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் அந்த அழிப்பும் கூடவே இரண்டாவது டிஸ்க்குக்குப் போய்விடும், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தால் அந்தப் பூட்டும் அப்படியே. 2017-ல் பரவிய வன்னாக்ரை என்ற ரான்சம்வேர், ஃபைல் பகிர்வுக்கான எஸ்எம்பி-யின் பழைய முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தாவியது. உங்கள் நாஸில் எஸ்எம்பி 1 ஆன் ஆகியிருந்தால் இன்றைக்கே அணைத்துவிடுங்கள்.

பேக்கப் என்றால் தனி டிஸ்க். வாரம் ஒருமுறை யூஎஸ்பி டிஸ்க்கை நாஸில் செருகி நகலெடுத்து, கழற்றி வேறு கட்டடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து நாலு ஃபைலையாவது திறந்து பாருங்கள், தயவுசெய்து இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: புது நாஸ், புது டிஸ்க். ஆனாலும் காப்பி செய்யும்போது வேகம் நொடிக்கு 11 எம்பி-யைத் தாண்டவில்லையே?

பதில்: அந்த 11-தான் துப்பு. வழியில் எங்கோ இணைப்பு 100 மெகாபிட்டில் ஓடுகிறது. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், அதனால் எட்டால் வகுத்தால் 12.5 எம்பி, மேல்செலவு போக 11 சொச்சம். நடுவில் லேன் கேபிள்களை இணைக்கும் பழைய நெட்வொர்க் ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கேபிளை மாற்றுங்கள்: கிகாபிட் (1000 மெகாபிட்) வேகத்துக்குக் கேபிளுக்குள் இருக்கும் நாலு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், ஒன்று விட்டுப்போனாலும் இணைப்பு 100-க்கு இறங்கிவிடலாம். சரியானதும் பெரிய ஃபைல்கள் 110-ஐத் தொடும்.