செல்ஃப் இழுக்கிறது... பேட்டரியை மாற்றிவிடலாமா? கேள்வி-பதில்

கார் பேட்டரி கெட்டுப்போவது வெயில் காலத்தில். அது வெளியே தெரிவது பெரும்பாலும் மழைக்காலத்தில். ஹெட்லைட், வைப்பர், கண்ணாடி டீஃபாகர் எல்லாம் ஒன்றாக ஓடும் ஒரு நாளில் கார் கைவிட்டுவிடும். அந்த அவசரத்தில் கிடைத்த கடையில், சொன்ன விலைக்கு வாங்கிவிடுகிறோம். அதனால்தான் இந்த முறை பேட்டரிக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

என்னுடைய ஸ்விஃப்ட் பெட்ரோல் காருக்கு நான்கு வயது. காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துத்தான் எடுக்கிறது. மெக்கானிக் பார்த்தவுடனே "பேட்டரி போச்சு, மாத்துங்க" என்கிறார். நம்பலாமா? (திருச்சி வாசகர்)

அவர் சொல்வது சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். நம் ஊர் வெப்பத்தில் ஒரு பேட்டரி மூன்று, நான்கு வருடம் வந்தாலே நல்ல உழைப்பு. ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் மாற்றாதீர்கள். சில நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கும். மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

முதலில், இரவு முழுக்க நின்ற காரில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன். பானெட்டைத் திறந்துவிட்டு, உள் விளக்குகள் அணையும் வரை கொஞ்சம் பொறுத்து அளந்து பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் போட்டு எடுத்த பிறகும் 10.5-ஐ ஒட்டியே நின்றால், உள்ளே இருக்கும் ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு செல்லும் சுமார் 2.1 வோல்ட். ஒன்று போனால் சரியாக அந்த அளவு குறையும். அதற்கு மேல் சார்ஜ் போட்டுப் பயனில்லை.

இரண்டாவது, வீட்டில் யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும் அந்த ஓரிரு நொடியில் 9.6-க்குக் கீழே விழக்கூடாது. நின்றபோது 12.5 காட்டியது, செல்ஃப் அடித்ததும் 8-க்குச் சரிகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், மாற்ற வேண்டியதுதான்.

மூன்றாவது, இன்ஜின் ஓடும்போது. 13.8-லிருந்து 14.5 வரை இருக்க வேண்டும். 12.3-லேயே நின்றால் கோளாறு பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரிலோ, அதைச் சுற்றும் பெல்ட்டிலோ இருக்கிறது. இந்த நிலையில் புது பேட்டரி போட்டால் அதுவும் சில நாளில் படுத்துவிடும். சில புதிய கார்கள் எரிபொருளை மிச்சப்படுத்த சார்ஜிங்கை அவ்வப்போது குறைத்துக்கொள்ளும். அதனால் குறைவாகத் தெரிந்தால் ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.

இன்னொன்று. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள். கிளாம்பைக் கழற்றிவிட்டு, வெந்நீரில் ஆப்பசோடா கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். ஈரம் போகத் துடைத்து, இறுக்கமாக முடுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். "பேட்டரி போச்சு" என்று சொல்லப்பட்ட கார்களில் சில இதிலேயே சரியாகிவிடும்.

பேட்டரியின் மேலே இருக்கும் சின்ன வட்டக் கண்ணாடி பச்சையாகத்தான் இருக்கிறது. ஆனால் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. எப்படி? (தஞ்சாவூர் வாசகி)

அந்தக் கண் ஆறு செல்லில் ஒன்றே ஒன்றின் நிலையை மட்டும்தான் காட்டும். மற்ற ஐந்தில் ஒன்று செத்திருந்தாலும் அது பச்சையாகவே இருக்கும். மீட்டரை நம்புங்கள்.

ஒரே பிராண்டு, ஒரே அளவு. மூன்று கடையில் கேட்டால் மூன்று விலை. இதில் எது நியாயமான விலை என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வேளச்சேரி வாசகர்)

கடைக்காரரிடம் "என்ன ரேட்?" என்று மட்டும் கேட்டால் ஆளுக்கொரு விலைதான் வரும். ஒருவர் பழையதைக் கழித்துச் சொல்வார். இன்னொருவர் ஜிஎஸ்டி சேர்க்காமல் சொல்வார். வேறொருவர் வீட்டுக்கு வந்து மாட்டித் தருவதையும் சேர்த்துச் சொல்வார். கேள்வியை இப்படி மாற்றிக் கேளுங்கள்: "பழசைக் கொடுத்துட்டு, பில்லோட, மாட்டிக் கொடுக்க மொத்தம் எவ்வளவு? பழசைக் கொடுக்கலைன்னா எவ்வளவு?" இந்த இரண்டு எண்ணும் கையில் இருந்தால் எந்தக் கடையையும் எந்தக் கடையோடும் ஒப்பிடலாம்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் பழைய பேட்டரிக்கு அவர் போடும் விலை. சின்ன காரின் 35 ஏ.எச். (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி சுமார் ஒன்பது, பத்துக் கிலோ எடை இருக்கும், அதில் பாதிக்கு மேல் ஈயம். பக்கத்து பழைய இரும்புக் கடையில் அன்றைக்குக் கிலோ என்ன விலை என்று ஒரு வார்த்தை கேட்டுவைத்தால் ஏமாற மாட்டீர்கள். ஆனால் கொடுப்பது பேட்டரிக் கடையிலேயே கொடுங்கள். தயாரிப்பாளர்கள் பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்து முறையாக மறுசுழற்சி செய்ய வேண்டும் என்று 2022-ஆம் வருடத்து பேட்டரிக் கழிவு விதிகள் சொல்கின்றன. ஆசிடைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, ஊருக்கு நடுவில் ஈயத்தை உருக்குகிறவர்கள் கையில் அது போகக்கூடாது. ஈயப் புகை முதலில் குழந்தைகளைத்தான் பாதிக்கும். நூறு, இருநூறு ரூபாய் குறைந்தாலும் பரவாயில்லை.

அடுத்து வாரண்டி. ஒரே பிராண்டில், ஒரே அளவில் இரண்டு மூன்று மாடல்கள் இருக்கும். விலை வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. "60 மாத வாரண்டி" என்றால் அறுபது மாதமும் இலவசமாக மாற்றித் தருவார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. அது 30+30 என்று பிரிந்திருக்கும். முதல் 30 மாதத்துக்குள் கெட்டால் இலவசமாகப் புதியது. அடுத்த 30 மாதத்தில் கெட்டால் புதியதன் அட்டை விலையில் (எம்.ஆர்.பி.) குறிப்பிட்ட சதவீதம் கழிவு மட்டும். இதற்கு புரோ-ரேட்டா என்று பெயர்.

இந்தக் கழிவைப் பெரிதாக நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு உதாரணக் கணக்கு பாருங்கள். அட்டை விலை 6,500 ரூபாய். 35 சதவீதம் கழிவு என்றால் நீங்கள் கட்ட வேண்டியது 4,225. அதே பேட்டரியை, பழையதைக் கொடுத்துவிட்டு, வெளியில் 4,800-க்கு வாங்க முடியும் என்றால் வாரண்டியால் உண்மையில் மிச்சம் 575 ரூபாய்தான். புரோ-ரேட்டாவில் போனாலும் பழைய பேட்டரி அவர்களுக்குத்தான்.

அதனால் நான் பார்ப்பது ஒரே கணக்கு: கையிலிருந்து போகும் மொத்தப் பணத்தை இலவச மாற்று மாதங்களால் வகுப்பது. 4,200 ரூபாய்க்கு 18 இலவச மாதம் என்றால் மாதத்துக்கு 233 ரூபாய். 5,000 ரூபாய்க்கு 30 இலவச மாதம் என்றால் 167 ரூபாய். விலை கூடத் தெரிவதுதான் இங்கே மலிவு. ஒரு வருடத்துக்குள் காரை விற்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் கணக்கு மாறும். அப்போது குறைந்த வாரண்டி மாடலே போதும்.

வரியையும் கவனியுங்கள். கார் பேட்டரிக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். பழைய அட்டை விலையைக் காட்டி, "அதுல தள்ளுபடி தர்றேன்" என்று யாராவது சொன்னால் புதிய விலையைக் கேளுங்கள்.

கடைசியாக, தயாரிப்புத் தேதி. சும்மா அலமாரியில் இருந்தாலும் பேட்டரி தானாகவே சார்ஜ் இழக்கும், வெயில் ஊரில் இன்னும் வேகமாக. மூன்று மாதத்துக்குள் தயாரானதாகக் கேளுங்கள். ஆறு மாதம் தாண்டியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாட்டுவதற்கு முன் உங்கள் எதிரிலேயே மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 12.4-க்குக் கீழே இருந்தால் வேறு எடுக்கச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

மஞ்சள் போர்டு வண்டிக்கும் அதே வாரண்டி கிடைக்குமா சார்? (கோவை, டாக்ஸி ஓட்டுநர்)

பெரும்பாலும் கிடைக்காது. வாடகை வண்டிக்குக் குறைந்த மாதமோ, வேறு மாடலோ வைத்திருப்பார்கள். கடையில் "சொந்த வண்டின்னு போட்டுக்கலாம்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வாரண்டி உங்கள் வண்டி எண்ணோடு பதிவாகும். நாளைக்கு மாற்றப் போகும்போது போர்டைப் பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள், நஷ்டம் உங்களுக்குத்தான். டாக்ஸிக்கு உரிய வாரண்டி என்னவென்று வாரண்டி அட்டையிலேயே எழுதி வாங்குங்கள்.

இருப்பது 35 ஏ.எச். கொஞ்சம் பெரிதாக 45 போட்டால் நன்றாக உழைக்குமா? ஆல்டர்னேட்டர் கெடும் என்கிறார்களே? (மதுரை வாசகர்)

ஆல்டர்னேட்டர் கெடாது. பேட்டரி எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுதான் அது கொடுக்கும். பிரச்சினை இடத்தில்தான். பெட்டி கொஞ்சம் உயரமாக இருந்து பாசிட்டிவ் முனை பானெட் தகரத்தில் உரசினால் தீப்பொறி பறக்கும். நீளம் கூடினால் கீழே பிடித்துக்கொள்ளும் கிளாம்ப் உட்காராது. அப்படி ஆடிக்கொண்டே ஓடும் பேட்டரியின் உள் தகடுகள் குலுங்கியே உதிர்ந்துவிடும். பழைய பேட்டரியின் மேல் 38பி20எல் என்பது போல ஒரு குறியீடு இருக்கும். அதில் 20 என்பது சென்டிமீட்டரில் நீளம். கடைசி எழுத்து எல் என்றால் எல், ஆர் என்றால் ஆர்தான் வாங்க வேண்டும். மாறினால் பாசிட்டிவும் நெகட்டிவும் இடம் மாறி வந்துவிடும். ஒயரை இழுத்துப் பிடித்து மாட்டுகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

சும்மா ஓடும் காருக்குப் பெரிய பேட்டரி அவசியமில்லை. அந்தப் பணத்தை அதிக இலவச மாதம் உள்ள மாடலில் போடுங்கள்.

மகன் வெளிநாட்டில். கார் வாரக்கணக்கில் நிற்கிறது. புது பேட்டரி போட்டு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் பல தடவை டவுன் ஆகிவிட்டது. தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன். பேட்டரியே மோசமா? (நாகர்கோவில் வாசகர்)

பேட்டரியைக் குறை சொல்ல முடியாது ஐயா. கார் பூட்டி நிற்கும்போதும் அலாரம், ரிமோட் பூட்டு, கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை அனுமதிக்கலாம் என்பது பொதுவான அளவுகோல். அந்த 50-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 1.2 ஏ.எச். முப்பது நாளில் 36. உங்கள் 35 ஏ.எச். பேட்டரி ஒரு மாதத்தில் முழுக்கக் காலி! செல்ஃப் சுற்றும் தெம்பு அதற்கு வெகு முன்பே போய்விடும். இதில் வெளியில் மாட்டிய டேஷ்கேமோ, ஜிபிஎஸ் கருவியோ நேரடியாக பேட்டரியில் இணைந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்வது உதவி இல்லை, உபத்திரவம். செல்ஃப் எடுத்துக்கொண்டது, அந்த ஐந்து நிமிட ஐடிலிங்கில் முழுதாகத் திரும்பி வருவது சந்தேகம். அதற்குப் பதிலாக வாரம் ஒரு தடவை கன்னியாகுமரி பக்கம் போய் வாருங்கள், அரை மணி, முக்கால் மணி ரோட்டில் ஓடினால் போதும். ஓட்ட ஆள் இல்லை என்றால் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி வைத்துவிடுங்கள். பிளக் வசதி உள்ள போர்டிகோவாக இருந்தால், சார்ஜ் நிறைந்ததும் தானே குறைத்துக்கொள்ளும் சின்ன சார்ஜர் ஒன்று வாங்கி மாட்டலாம்.

முழுக்க டவுன் ஆகும் ஒவ்வொரு தடவையும் தகட்டில் சல்பேட் படிந்து ஆயுள் கொஞ்சம் குறைகிறது. எனவே, அடுத்த பேட்டரி வாங்கும் முன், ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கார் பூட்டிய நிலையில் எத்தனை மில்லி ஆம்பியர் போகிறது என்று அளக்கச் சொல்லுங்கள்.

ரீகண்டிஷன் பேட்டரி பாதி விலைக்குக் கிடைக்கிறது. ஆறு மாத கேரண்டியும் தருகிறார்கள். வாங்கலாமா? (சேலம் வாசகர்)

வேண்டாம். சார்ஜ் ஏற்றி, ஆசிடை மாற்றி, ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறார்கள். படிந்த சல்பேட்டில் கொஞ்சம் கரையலாம். ஆனால் வெப்பத்தில் அரித்துப்போன உள் தகட்டை எந்த முறையாலும் வளர்க்க முடியாது. ராத்திரி நடுவழியில், வீட்டுப் பெண்களோ வயதானவர்களோ காரில் இருக்கும்போது நின்றால் அந்த மிச்சத்துக்கு என்ன மதிப்பு? கையில் பணம் இறுக்கம் என்றால், பெயர் உள்ள கம்பெனியின் ஆரம்ப மாடலை, 18 மாத இலவச மாற்றோடு வாங்குங்கள்.

என் காரில் சிக்னலில் தானே அணைந்து தானே ஸ்டார்ட் ஆகும் வசதி உண்டு. சாதாரண பேட்டரியே போதும், விலையும் குறைவு என்கிறார் கடைக்காரர். (புதுச்சேரி வாசகி)

மாட்டினால் ஓடும். சீக்கிரம் போய்விடும். ஒரு பயணத்தில் பல தடவை செல்ஃப் எடுப்பதற்காகவே இ.எஃப்.பி., ஏ.ஜி.எம். என்ற வகைகள் வந்தன. எது உங்கள் பழையதில் எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் இங்கே குறைக்கக்கூடாது. எர்டிகா ஸ்மார்ட் ஹைப்ரிட் போன்ற கார்களில் இதைத் தவிர ஒரு சின்ன லித்தியம் பேட்டரியும் தனியாக இருக்கும். சாதாரண பேட்டரிக் கடையில் அதில் கை வைக்க விடாதீர்கள்.

ஆன்லைனில் வாங்கி நானே மாட்டிக்கொள்ளலாமா? (திருநெல்வேலி வாசகர்)

சாதாரண காராக இருந்தால் தாராளமாகச் செய்யலாம். 10 எம்எம் ஸ்பேனர்தான் முக்கியமாகத் தேவைப்படும். மோதிரம், கைச்சங்கிலியைக் கழற்றிவிடுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இந்த வரிசை மாறினால் ஸ்பேனர் தகரத்தில் பட்டவுடன் ஷார்ட் ஆகும். மாட்டிய பிறகு கடிகாரம், பவர் விண்டோவின் ஆட்டோ வசதி இவற்றைத் திரும்ப அமைக்க வேண்டி வரும். முதல் கொஞ்ச நேரம் ஐடிலிங் ஏற்ற இறக்கமாக இருந்தால் பயப்பட வேண்டாம். வாங்கும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: திரையில் தெரியும் விலை பழையதைக் கொடுத்த விலையாக இருக்கும். தேதி பழையதாக வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புங்கள்.

நெக்ஸான் இவி வைத்திருக்கிறேன். இதற்கும் 12 வோல்ட் பேட்டரி கெடுமா? (ஓசூர் வாசகர்)

கெடும். பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் இந்தச் சின்னது போனால் கார் விழிக்காது. அடிக்கடி திரையில் எச்சரிக்கை வந்தாலோ, பூட்டு திறக்கத் தயங்கினாலோ சர்வீஸ் சென்டரில் சோதிக்கச் சொல்லுங்கள். மின்சாரக் காரில் இதை வெளிக் கடையில் மாற்ற நான் சொல்ல மாட்டேன்.

பக்கத்து வண்டியிலிருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் செய்யும்போது எதை முதலில் மாட்டுவது? (வேலூர் வாசகி)

சிவப்பு ஒயரின் ஒரு முனை உங்கள் பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கருப்பு ஒயர் நல்ல பேட்டரியின் நெகட்டிவில். அதன் மறுமுனையை உங்கள் பேட்டரியில் மாட்டாதீர்கள், சற்றுத் தள்ளி இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு இரும்புப் பகுதியில் மாட்டுங்கள். பேட்டரியின் மேல் ஹைட்ரஜன் வாயு இருக்கக்கூடும், கடைசி இணைப்பில்தான் பொறி வரும். சில நிமிடம் நல்ல வண்டியை ஓடவிட்டு, அப்புறம் உங்கள் செல்ஃபை அடியுங்கள். எடுத்துவிட்டால் மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் கழற்றுங்கள். வண்டியை அணைக்காமல் நேராக பேட்டரிக் கடைக்கோ எலக்ட்ரீஷியனிடமோ போய்விடுங்கள்.