பழைய 11.2, புதிய 11.38: பலகையில் யார் பெயர்?

கேள்வி: எங்கள் பள்ளிச் சாதனைப் பலகையில் 100 மீட்டருக்கு 11.2 வினாடி என்று இருக்கிறது. 1988-ல் மஞ்சக்குப்பம் மண் மைதானத்தில் ஓடியது. இந்த வருஷம் எங்கள் மாணவன் புதுச்சேரியில் சிந்தெட்டிக் டிராக்கில் 11.38 ஓடியிருக்கிறான், மின்னணு நேரம். பெயரை மாற்றலாமா?
- உடற்கல்வி ஆசிரியர், கடலூர்

பதில்: பழைய பெயரை அழிக்காதீர்கள், புதியதையும் எழுதுங்கள்.

11.2 என்பது ஸ்டாப் வாட்ச் நேரம். தொடக்கத் துப்பாக்கியின் புகையைப் பார்த்தபிறகுதான் விரல் அழுத்தும், அதனால் வாட்ச் தாமதமாகத் தொடங்கும். முடிவுக்கோட்டிலோ வீரன் வருவது கண்ணுக்குத் தெரிவதால் சரியாக நிற்கும். இதை ஈடுகட்ட 100 மீட்டருக்கு 0.24, 400 மீட்டருக்கு 0.14 கூட்டுவது வழக்கம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் மில்கா சிங் ஓடிய ஒரே 400 மீட்டர் ஓட்டத்துக்குக் கை நேரம் 45.6, இயந்திரம் சொன்னது 45.73. 100 மீட்டருக்கான 0.24-ஐக் கூட்டினால் உங்கள் 11.2, 11.44 ஆகிறது. பையன் 0.06 முந்துகிறான்.

அந்த 0.06-ஐ நம்ப முடியாது என்பதுதான் சிக்கல். துப்பாக்கிக்குப் பதில் கிளாப் (தட்டிச் சத்தம் எழுப்பும் பலகை) அடித்து, அந்தச் சத்தம் கேட்டு வாட்சை அழுத்தியிருந்தால்? சத்தம் 100 மீட்டர் கடக்கவே ஏறக்குறைய 0.3 வினாடி ஆகும். அப்படியானால் நிஜ நேரம் 11.7-ஐ ஒட்டி வரும். டிஜிட்டல் வாட்ச் 11.21 காட்டினால் 11.3 என்று எழுதுவதே விதி. பலர் கடைசி எண்ணை வெட்டிவிடுவார்கள். பழைய நோட்டு கிடைத்தால் பாருங்கள்: மூன்று வாட்ச் நேரம் இருந்து நடு நேரத்தை எடுத்திருந்தால் ஓரளவு நம்பலாம்.

அடுத்தது காற்று. முதுகுக் காற்று வினாடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் சாதனை செல்லாது. 2 மீட்டரே சுமார் 0.1 வினாடி மிச்சம் பிடித்துத் தரும். கடலூரில் மதியத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து வரும். மேற்கு நோக்கி ஓடினார்களா என்று விசாரியுங்கள். புதுச்சேரி முடிவுத்தாளிலும் காற்று அளவைப் பாருங்கள், +2.3 என்றிருந்தால் அதுவும் செல்லாது.

மண்ணுக்கும் சிந்தெட்டிக்குக்கும் இத்தனை வினாடி கழி என்று சொல்ல நம்பகமான எண் கிடையாது. யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள். யார் சிறந்த ஓட்டக்காரர் என்றுதான் கேள்வி என்றால், அன்றைக்கு அதே தரையில் இரண்டாவதாக வந்தவரை எத்தனை தூரத்தில் விட்டார் என்று பாருங்கள்.

பலகையில் இரண்டு வரி போடுங்கள்: "கை 11.2 (1988)", "மின் 11.38", பக்கத்தில் காற்று அளவு. பெயின்டர் அழகுக்காக 11.20 என்று எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு சைபர் போதும், பிற்பாடு பார்ப்பவர் அதையும் மின்னணு நேரம் என்று எடுத்துக்கொள்வார்.